பட்டுப்புடவைப் படங்கள்: பக்கம் கனக்கிறது, ஜரிகை மங்குகிறது

(எழுதுகிறவர்கள் மூவர். ஒவ்வொருவரையும் பெங்களூரில் அவரவர் பகுதியின் பெயரால் குறித்திருக்கிறது.)

சிக்கப்பேட்டை, ஜூலை 8, இரவு 9.40

எங்கள் புடவைக் கடைக்கு நானே ஒரு இணையப் பக்கம் போட்டிருக்கிறேன். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல் ஓரளவு வரும், தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இப்போதுதான் பழகுகிறேன். 42 புடவை, 42 படம், எல்லாம் போனில் எடுத்தவை. லேப்டாப்பில் திறந்தால் பரவாயில்லை. போனில் திறந்தால் கடைப் பெயர் மட்டும் வந்து கீழே வெள்ளையாகவே நிற்கிறது. இத்தனைக்கும் எல்லாப் படத்துக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலம் 250 பிக்ஸல், உயரம் 300 பிக்ஸல் என்று கொடுத்துச் சின்னதாக்கிவிட்டேன். அப்புறமும் ஏன் கனம்? இன்னொன்று, நின்றவாக்கில் எடுத்த படம் குண்டாகவும் படுக்கைவாக்கில் எடுத்தது ஒல்லியாகவும் தெரிகிறது. வரமகாலட்சுமி விரதத்துக்கு முன்னால் சரியாக்க வேண்டும்.

அல்சூர், ஜூலை 8, இரவு 10.25

சிஎஸ்எஸ் தோற்றத்தைத்தான் சின்னதாக்கும். எடை அப்படியேதான் இருக்கும். 4 எம்பி படத்தைத் தபால்தலை அளவுக்குக் காட்டினாலும் பார்க்கிறவர் 4 எம்பியையும் இறக்கித்தான் ஆகவேண்டும். 42 படம் என்றால் கிட்டத்தட்ட 170 எம்பி.

இறங்கிய பிறகும் பாரம் குறையாது. 12 மெகாபிக்ஸல் படம் 4000க்கு 3000. திரையில் வரைய பிரவுசர் அதை விரிக்கும்போது ஒரு பிக்ஸலுக்கு 4 பைட் பிடிக்கும். ஒரு படத்துக்கு 48 எம்பி நினைவகம். விலை குறைந்த போன்களில் பக்கம் உருட்டும்போது திக்கித் திக்கி நகர்வதும், சில நேரம் தானாக மூடிக்கொள்வதும் இதனால்தான். நெட்வொர்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

கண்ணால் பார்க்க வேண்டுமா? லேப்டாப்பில் குரோமில் எஃப்12 அழுத்துங்கள். எலிமென்ட்ஸ் பகுதியில் ஏதாவது ஒரு படத்தின் முகவரி மேல் மவுஸை வைத்தால் இரண்டு அளவு காட்டும். ரெண்டர்டு சைஸ் என்பது திரையில் காட்டும் அளவு, இன்ட்ரின்சிக் சைஸ் என்பது கோப்பின் உண்மை அளவு. உங்களுக்கு முதலாவது 250க்கு 300 என்றும் இரண்டாவது 3000க்கு 4000 என்றும் வரும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் நோய்.

குண்டு, ஒல்லி விஷயம் வேறு. அகலம், உயரம் இரண்டையும் கட்டாயப்படுத்தினால் படம் அந்தச் சட்டத்துக்குள் நசுங்கத்தான் செய்யும். இப்போதைக்கு அந்த வரியை எடுத்துவிட்டு மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ (இடத்தைவிட அகலமாகாதே, உயரம் தானாக வரட்டும்) என்று மட்டும் வையுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், கோப்பில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

அல்சூர், ஜூலை 9, காலை 6.50

படத்தைத் தொடுவதற்கு முன் கட்டத்தை முடிவு செய்யுங்கள். எந்தத் திரையில் எத்தனை வரிசை, ஒரு படம் எத்தனை பிக்ஸல் அகலத்தில் நிற்கும் என்று தெரியாமல் படத்தைச் சுருக்கக் கூடாது. அளவெடுக்காமல் துணி வெட்டுவது போல ஆகிவிடும்.

உங்கள் பக்கத்துக்கே கணக்குப் போடுவோம். சாதாரண ஆண்ட்ராய்டு போன் சிஎஸ்எஸ் கணக்கில் 360 பிக்ஸல் அகலம். இரண்டு ஓரமும் 16, 16 விட்டால் 328. இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் 12 இடைவெளி. ஒரு படத்துக்கு 158.

லேப்டாப்பில் உள்ளடக்கத்தை 1100 பிக்ஸலுக்குள் நிறுத்தி நாலு படம் வைத்தால், 20 பிக்ஸல் இடைவெளி மூன்று போக 1040. நாலால் வகுத்தால் 260.

இனி திரை அடர்த்தி. போன் திரைகளில் ஒரு சிஎஸ்எஸ் பிக்ஸலுக்கு அகலவாக்கில் 2 அல்லது 3 உண்மைப் புள்ளி உண்டு. 158ஐ 3ஆல் பெருக்கினால் 474. நல்ல லேப்டாப்புக்கு 260ஐ 2ஆல் பெருக்கினால் 520. ஆக, வரிசைப் படத்துக்கு 540 அகலம், 720 உயரம் போதும். போன், லேப்டாப் இரண்டுக்கும் ஒரே கோப்பு.

4000க்கு 3000 என்பது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. 540க்கு 720 என்பது 4 லட்சத்துக்கும் குறைவு. முப்பதில் ஒரு பங்கு. புடவையைத் தட்டினால் திறக்கும் பெரிய படத்துக்கு 1200க்கு 1600 வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தேவையில்லை.

இன்னும் ஒன்று சரிபாருங்கள். ஹெச்டிஎம்எல் தலைப்பகுதியில் போனின் அகலத்துக்கே பக்கத்தை அடுக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி இருக்கிறதா? அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் 980 பிக்ஸல் அகலத்துக்குப் பக்கத்தை அடுக்கிவிட்டுச் சுருக்கிக் காட்டும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும், மேலே போட்ட கணக்கு எதுவும் பலிக்காது.

சிக்கப்பேட்டை, ஜூலை 9, மதியம் 2.15

வியூபோர்ட் வரி இருக்கிறது. மவுஸை வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே எண்கள். எதில் சுருக்குவது? கடைத் தம்பி சில படங்களை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார், அதிலிருந்து எடுக்கலாமா? டிசைன் செய்கிற ஒருவர் 72 டிபிஐ வைக்கச் சொன்னார், அதுவும் தெரியவில்லை.

அல்சூர், ஜூலை 9, இரவு 9.05

டிபிஐயை மறந்துவிடுங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அந்தக் கணக்கு அச்சுக்கு. 540க்கு 720 படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் திரையில் ஒரே படம்தான், கோப்பு எடையும் மாறாது.

வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது தானே ஒரு தடவை சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். ஜேபெக்கை ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் கொஞ்சம் தகவல் போகும். வாட்ஸாப்பில் ஒரு முறை, வெட்டும்போது ஒரு முறை, எழுத்துப் போடும்போது ஒரு முறை, ஏற்றும்போது ஒரு முறை என்றால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ‘அசல்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் கையே வைக்காதீர்கள். வெட்டு, சுருக்கு எல்லாம் நகலில், ஒரே தடவையில்.

கருவி: ஸ்குவூஷ் என்ற இணையதளம். பிரவுசரிலேயே வேலை செய்யும், படம் வெளியே எங்கும் போகாது. படத்தைப் போட்டதும் வலப்பக்கம் ரீசைஸ் என்று இருக்கும். அதை இயக்கி அகலம் 540 கொடுங்கள், உயரம் தானே வரும். முறை லேன்க்ஸோஸ்3 என்றே இருக்கட்டும். கீழே வகை வெப்பி (ஜேபெக் போல இன்னொரு படக்கோப்பு வகை), குவாலிட்டி 75. நடுவில் ஒரு கோடு இருக்கும், அதை இழுத்தால் இடப்பக்கம் அசல், வலப்பக்கம் சுருக்கியது. ஜரிகை உள்ள இடத்தில் கோட்டை வைத்துப் பாருங்கள், வெறும் உடல்பகுதியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 75இல் ஜரிகைப் புட்டா கரைந்தால் 80. பெரும்பாலும் ஒரு படம் 60 முதல் 90 கேபிக்குள் நிற்கும். கட்டம் போட்ட புடவை, நெருக்கமான புட்டா இருந்தால் கூடுதலாகும். நுணுக்கம் எங்கே அதிகமோ அங்கே எடையும் அதிகம், அதைச் சண்டை போட்டுக் குறைக்க வேண்டாம்.

கடைச் சின்னம் மட்டும் ஜேபெக்கோ வெப்பியோ வேண்டாம், புள்ளிகளுக்குப் பதில் கோடுகளாகப் பதியும் எஸ்விஜியாக வையுங்கள். எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும். எஸ்விஜி கிடைக்காவிட்டால் பிஎன்ஜி. ஜேபெக்கில் ஊடுருவும் பின்னணி கிடையாது, சின்னத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வந்துவிடும்.

ஸ்ரீராம்புரம், ஜூலை 10, காலை 8.30

புடவைப் படம் எடுப்பது என் தொழில். அல்சூர் சொன்னதில் ஒரு திருத்தம். எல்லாப் புடவைக்கும் வெப்பி என்று போகாதீர்கள். அரக்கு, குங்குமச் சிவப்பு, வாடாமல்லி, இந்த மூன்றிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

காரணம் இது. இந்தச் சுருக்கு முறைகள் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு நன்றாகத் தெரியும், நிற வேறுபாடு அவ்வளவு தெரியாது என்பதால், இரண்டுக்கு இரண்டு என்று நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத்தை எழுதிவிடும். 4:2:0 என்பார்கள். முகம், மலை, வானம் படங்களுக்கு இது தெரியவே தெரியாது. சிவப்புப் பட்டில் ஒற்றை இழைத் தங்க ஜரிகை ஓடினால்? இழையின் நிறமும் பட்டின் நிறமும் நாலு புள்ளிக்குள் கலந்து, ஜரிகை ஆரஞ்சுச் சாயம் ஒழுகினது மாதிரி ஆகிவிடும். தகவல் இழக்கும் வெப்பியில் 4:2:0 தவிர வேறு வழி கிடையாது. ஜேபெக்கில் 4:4:4, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம், என்று கேட்டு வாங்கலாம். ஏவிஃப் என்ற வகையிலும் உண்டு.

ஸ்குவூஷில் மோஸ்ஜேபெக் என்ற ஜேபெக் வகையைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு பகுதியில் ஆட்டோ சப்சாம்பிள் குரோமா என்ற டிக்கை எடுத்துவிட்டுக் கீழே 1 வையுங்கள். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் என்றால் ஜேபெக் ஏற்றுமதிப் பெட்டியில் சப்சாம்பிளிங் என்ற இடத்தில் 4:4:4 தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பு கொஞ்சம் பெருக்கும். பெருக்கட்டும், வாடிக்கையாளர் ஜரிகையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

அல்சூர், ஜூலை 10, காலை 9.10

சரியான திருத்தம். நேற்றைய குறிப்பில் ‘வகை வெப்பி’ என்றதை இப்படி மாற்றிப் படியுங்கள்: பச்சை, நீலம், மஞ்சள், சந்தனம் வெப்பி 75. சிவப்பு இனம் அத்தனையும் ஜேபெக் 4:4:4, குவாலிட்டி 78 முதல் 82. ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் கலந்திருப்பதில் ஒரு தொந்தரவும் இல்லை.

சிக்கப்பேட்டை, ஜூலை 11, இரவு 11.20

அரக்குப் புடவை ஒன்றை இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். கரையில் யாளி வரிசை வெப்பியில் குழம்பியிருந்தது, 4:4:4இல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் ஒரு ஃபோல்டரை மொத்தமாகச் சுருக்க இமேஜ்மேஜிக் என்ற கட்டளைக் கருவியில் போட்டதும் இரண்டு கோளாறு. நின்றவாக்கில் எடுத்த ஆறு படம் படுத்துக்கொண்டன. என் அக்காவின் ஐபோனில் எடுத்தவை வெளிறிப்போயின.

ஸ்ரீராம்புரம், ஜூலை 12, காலை 7.45

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்ட்ரிப் கட்டளை கொடுத்திருப்பீர்கள். அது படத்தோடு ஒட்டியிருக்கும் எக்ஸிஃப் குறிப்புகளையும் நிற விவரத்தையும் சேர்த்துத் துடைக்கும்.

போனை எப்படிப் பிடித்தாலும் சென்சார் ஒரே வாக்கில்தான் படம் பிடிக்கும். ‘இதை 90 பாகை திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பை மட்டும் எக்ஸிஃப்பில் எழுதி வைக்கும். குறிப்பைத் துடைத்தால் படம் படுத்துவிடும். அதனால் முதலில் ஆட்டோ-ஓரியன்ட், அப்புறம்தான் ஸ்ட்ரிப்.

நிறமும் அப்படியே. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் அவற்றில் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் பதிகின்றன. அந்த விவரத்தைத் துடைத்தால் பிரவுசர் அதை இணையத்தின் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு அதே எண்களைச் சிறிய நிறவெளியில் காட்டும், வெளிறிப்போகும். துடைப்பதற்கு முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். வெறுமனே விவரத்தை மாற்றி ஒட்டுவது போதாது, கன்வர்ட் செய்ய வேண்டும். கிம்ப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: அசைன் என்பது பெயரை மட்டும் மாற்றும், கன்வர்ட் என்பது எண்களையும் மாற்றும்.

ஆக வரிசை: திருப்பு, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று, வெட்டு, சுருக்கு, லேசாகக் கூர்மையாக்கு, துடை, சேமி. கூர்மையாக்குவது சுருக்கிய பிறகுதான். முன்பே செய்தால் சுருக்கும்போது கட்டங்கள் அலையடிக்கும்.

துடைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். போனில் இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எக்ஸிஃப்பில் இருக்கும். வீட்டு மாடியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் வீட்டு முகவரியையே எழுதி ஒட்டியது போலத்தான்.

அல்சூர், ஜூலை 12, காலை 8.00

இமேஜ்மேஜிக்கில் மோக்ரிஃபை என்ற கட்டளை அசலின் மேலேயே எழுதிவிடும். வேறு ஃபோல்டருக்கு எழுதச் சொல்லிப் பாத் கொடுத்தீர்களா? இல்லையென்றால் அந்த ஆறு படத்துக்கும் போனில் உள்ள அசலைத் தேடுங்கள்.

சிக்கப்பேட்டை, ஜூலை 12, காலை 8.20

கொடுக்கவில்லை. நல்லவேளை போனில் இருக்கிறது.

அல்சூர், ஜூலை 12, இரவு 10.40

படம் தயாரானால் ஹெச்டிஎம்எல்லில் ஒவ்வொரு படத்துக்கும் விட்த் 540, ஹைட் 720 என்று எண் கொடுங்கள். ‘அதைத்தானே எடுக்கச் சொன்னீர்கள்’ என்று கேட்கலாம். எடுக்கச் சொன்னது சிஎஸ்எஸ்ஸில் இருந்ததை. ஹெச்டிஎம்எல்லில் எண் இருந்தால், படம் இறங்குவதற்கு முன்பே பிரவுசர் விகிதத்தைக் கணக்கிட்டு இடம் ஒதுக்கி வைக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் வந்து விழும்போது பக்கம் குதிக்கும். விலையைத் தொடப் போன விரல் வேறு புடவையைத் தொடும். சிஎஸ்எஸ்ஸில் மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ இருக்கிற வரை அந்த எண்கள் படத்தை நசுக்காது.

எல்லாப் படத்துக்கும் லோடிங் லேஸி கொடுங்கள், திரைக்கு அருகே வந்தால்தான் இறங்கும்.

கட்டத்துக்கு டிஸ்ப்ளே கிரிட். போனுக்கு: கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ் ரிப்பீட்(2, 1எஃப்ஆர்), கேப் 12. அதாவது இரண்டு சமப் பங்கு, நடுவில் 12 இடைவெளி. அகலம் 900 தாண்டினால், திரை அகலத்தைப் பார்த்து விதியை மாற்றும் மீடியா வினவலுக்குள் ரிப்பீட்(4, 1எஃப்ஆர்), கேப் 20. சதவீதத்தில் அகலம் கொடுத்து ஃப்ளோட் போடுவது பழைய வழி. 50% அகலத்தோடு பேடிங் (உள் ஓர இடைவெளி) 12 சேர்த்தால் மொத்தம் 100ஐத் தாண்டி இரண்டாவது படம் கீழே விழும். பழைய பக்கங்களில் அப்படி இருந்தால் பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் கொடுத்தால் பேடிங் அகலத்துக்குள் அடங்கும்.

சிக்கப்பேட்டை, ஜூலை 14, மாலை 5.30

கிரிட் அருமையாக வந்துவிட்டது. எல்லாச் சட்டமும் ஒரே உயரமாக இருக்க ஆஸ்பெக்ட்-ரேஷியோ 3/4, ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர் என்று எங்கோ படித்துப் போட்டேன். நசுங்கல் போயிற்று. ஆனால் கரையை வெட்டிவிடுகிறது! ஏழெட்டுப் புடவையில் கரையே தெரியவில்லை.

அல்சூர், ஜூலை 14, மாலை 6.15

கவர் என்றால் சட்டத்தை நிரப்பு, மிஞ்சியதை வெட்டு என்று பொருள். நடுவை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டும். கரை ஓரத்தில்தானே இருக்கிறது. ஆப்ஜெக்ட்-பொசிஷன் பாட்டம் என்று கொடுத்தால் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மேலே வெட்டும். ஆனால் படுக்கைவாக்கில் எடுத்த படத்துக்கு மேலே கீழே வெட்டே விழாது, பக்கவாட்டில்தான் விழும். அங்கே லெஃப்ட் அல்லது ரைட். அந்தப் படங்களுக்கு மட்டும் தனி கிளாஸ் (சிஎஸ்எஸ் விதியைப் பொருத்தும் பொதுப் பெயர்) வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வழி, அசலிலிருந்தே 3க்கு 4 விகிதத்தில் நீங்களே கையால் வெட்டுவது. 42 படம்தானே. எந்தக் கரை தெரிய வேண்டும், முந்தானை எவ்வளவு வர வேண்டும் என்று சிஎஸ்எஸ்ஸுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

சிக்கப்பேட்டை, ஜூலை 15, இரவு 10.10

கையாலேயே வெட்டிவிட்டேன். இப்போது எழுத்துக்கு வந்திருக்கிறேன், மூன்று சிக்கல். பொத்தானில் ‘கூடுதல்’ என்று போட்டால் கூவன்னாவின் வால் வெட்டுப்படுகிறது. ‘மயில்கழுத்துநிறப்பட்டு’ என்று சேர்த்து எழுதிய ஒரு பெயரால் அந்த வரிசை மட்டும் அகலமாகிப் பக்கத்துப் படம் சின்னதாகிவிட்டது. விலையின் நிறத்தை மாற்றினால் மாறவே மாட்டேன் என்கிறது.

அல்சூர், ஜூலை 16, காலை 7.00

மூன்றாவதை முதலில் முடிப்போம். இரண்டு காரணத்தில் ஒன்று. பிரவுசர் பழைய சிஎஸ்எஸ்ஸையே வைத்திருக்கலாம். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அழுத்திப் பாருங்கள். போகாவிட்டால் எஃப்12இல் விலை எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்டைல்ஸ் பகுதியைப் பாருங்கள். உங்கள் வரியின் மேல் கோடு அடித்திருந்தால் வேறு விதி அதை வென்றிருக்கிறது, எது வென்றது என்பதும் அங்கேயே மேலே இருக்கும். ஒரே ஒன்றுக்கு மட்டும் வைக்கும் பெயரான ஐடி கிளாஸை வெல்லும், கிளாஸ் வெறும் குறிச்சொல்லை வெல்லும், சமமானால் பின்னால் எழுதியது வெல்லும். இம்பார்ட்டன்ட் போட்டு அடக்காதீர்கள். ஒன்று போட்டால் அதை அடக்க இன்னொன்று என்று வளர்ந்துகொண்டே போகும். வென்ற விதியில் ஐடி இருந்தால் அதைக் கிளாஸாக மாற்றுங்கள்.

வால் வெட்டுப்படுவது தமிழுக்கே உரியது. பழகும்போது ஆங்கில உதாரணங்களிலிருந்து லைன்-ஹைட் (வரி உயரம்) 1.2, பொத்தானுக்கு ஹைட் 36 பிக்ஸல், ஓவர்ஃப்ளோ ஹிடன் (மிஞ்சியதை மறை) என்று எடுத்திருப்பீர்கள். ஆங்கில எழுத்துக்கு அது போதும். நமக்கு மேலே கீ, டீ சுழி, கீழே கூ, நூ வால். லைன்-ஹைட் 1.6க்குக் குறையாமல் வையுங்கள், பத்திகளுக்கு 1.7, 1.8 கூட நன்றாக இருக்கும். எண்ணாக மட்டும் எழுதுங்கள், பிக்ஸலில் வேண்டாம். எழுத்து பெரிதானால் வரி இடைவெளியும் கூடவே வளரும். பொத்தானுக்கு உயரமே கொடுக்காதீர்கள். மேலும் கீழும் பேடிங் 10 கொடுத்தால் எழுத்துக்கு ஏற்றபடி அதுவே உயரும்.

லெட்டர்-ஸ்பேசிங்கும் தமிழுக்கு வேண்டாம். தலைப்பு விசாலமாக இருக்கட்டும் என்று 2 பிக்ஸல் கொடுத்தால் கொ, கோ எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கலாம். இடாலிக்கும் அப்படித்தான், தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்வெழுத்து தனியாக இருக்காது. பிரவுசர் நேர் எழுத்தையே சாய்த்துத் தள்ளும், பார்க்க நொண்டும். அழுத்தம் வேண்டுமானால் தடிப்பாகவோ வேறு நிறத்திலோ காட்டுங்கள்.

நீளச் சொல் வரிசையைத் தள்ளியதற்கு நான் எழுதிய கிரிட் வரியே காரணம். 1எஃப்ஆர் என்றால் ‘உள்ளே இருப்பதைவிடச் சுருங்க மாட்டேன்’ என்றும் சேர்ந்தே பொருள். உடையாத நீளச் சொல் வந்தால் கட்டம் விரிந்துவிடும். ஜூலை 12 குறிப்பில் இருந்ததை ரிப்பீட்(2, மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)) என்று மாற்றுங்கள், நாலு வரிசைக்கும் அப்படியே. கூடவே பெயருக்கு ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட். ஆனாலும் சொல் நடுவில் எங்கே உடையும் என்பது நம் கையில் இல்லை. ‘மயில்கழுத்து நிறப் பட்டு’ என்று பிரித்து எழுதுங்கள், அழகாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீராம்புரம், ஜூலை 16, காலை 9.40

மயில்கழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். பார்க்கும் கோணத்தில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். ஒரே படத்தில் காட்டினால் வாங்கியவர் ‘நான் பார்த்த நிறம் இது இல்லை’ என்பார், அதில் நியாயமும் உண்டு. இரண்டு படம் போடுங்கள். ஒன்று தட்டையாக, ஒன்று மடிப்போடு.

நிறம் பற்றிப் பேச்சு வந்ததால்: கடைக்குள் டியூப்லைட், வாசலில் பகல் வெளிச்சம், இரண்டும் கலந்த இடத்தில் எடுக்காதீர்கள். பாதிப் புடவை நீலம் தட்டும், பாதி மஞ்சள் தட்டும், அப்புறம் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. விளக்கை அணைத்துவிட்டு நேர் வெயில் படாத வாசல் நிழலில் எடுங்கள். விளக்கில்தான் எடுக்க வேண்டுமென்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். அதற்கு இசையாத வேகத்தில் எடுத்தால் படத்தில் கிடைக்கோடாகப் பட்டை விழும்.

சிவப்புக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், மைனஸ் 0.3 முதல் 0.7 வரை. சிவப்பில் அந்த ஒரு நிறம் மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும், மடிப்பு நிழலெல்லாம் போய்ச் சாயம் பூசிய பலகை மாதிரி ஆகும். பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும். எடுக்கும்போது பதியாத மடிப்பைப் பின்னால் கொண்டுவர முடியாது.

சிக்கப்பேட்டை, ஜூலை 19, இரவு 8.50

சிவப்பு ஒன்பதையும் திரும்ப எடுத்துவிட்டேன், இரண்டு மயில்கழுத்துக்கும் இரண்டிரண்டு படம். விலை நிறமும் மாறிவிட்டது, மாதிரிப் பக்கத்திலிருந்து எடுத்த ஐடி விதிதான் தடுத்திருக்கிறது. கன்னடத்திலும் பெயர் போட்டேன். கன்னடம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் தெரிகிறது, ஒரே எழுத்து அளவுதான் கொடுத்தேன். அப்பா பழைய டிடிபி கோப்பிலிருந்து கடை வரலாறு கொடுத்தார், ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

அல்சூர், ஜூலை 19, இரவு 9.30

டிடிபி கோப்பு பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள், ஸ்ரீ, க்ஷ, ரகர உகரம் போன்ற இடங்களில் பிசகும். அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து ஒட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது, போனில் பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் எட்டாது.

கன்னடம், தமிழ் அளவு வித்தியாசம் இயல்பு, ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விகிதத்தில் வரைந்தது. ஹெச்டிஎம்எல்லில் தமிழ்ப் பகுதிக்கு லேங் டிஏ, கன்னடத்துக்கு லேங் கேஎன் என்று குறியுங்கள். பிறகு சிஎஸ்எஸ்ஸில் லேங் வைத்தே தனித்தனி எழுத்துருவும் அளவும் கொடுக்கலாம். இரண்டுக்கும் நோட்டோ சான்ஸ் குடும்பம் எடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் முகம் ஒத்துப்போகும். கண்ணால் பார்த்துக் கன்னடத்தை 0.95 இஎம், அதாவது 95%, மாதிரிக் குறைத்துச் சமன் செய்யுங்கள். எழுத்துருக் கோப்பில் சாதாரணம், தடிப்பு இரண்டு மட்டும் போதும், ஒன்பது தடிமனையும் இறக்கினால் படத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். ஃபான்ட்-டிஸ்ப்ளே ஸ்வாப் கொடுங்கள், எழுத்துரு வரும்வரை போனில் உள்ள எழுத்திலாவது பக்கம் படிக்கக் கிடைக்கும்.

அல்சூர், ஜூலை 20, காலை 6.30

இன்னொரு திருத்தம். எல்லாப் படத்துக்கும் லேஸி என்று எழுதிவிட்டேன், தவறு. திறந்ததும் திரையில் தெரியும் படங்களுக்கு லேஸி கூடாது. பிரவுசர் அடுக்கு முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் அவற்றைக் கேட்கும், முதல் படமே தாமதமாகும். போனில் முதல் நாலு படத்துக்கு எடுத்துவிடுங்கள். மேலே பெரிதாக ஒரு முகப்புப் படம் வைத்திருந்தால் அதற்கு மட்டும் ஃபெட்ச்பிரையாரிட்டி ஹை (இதை முதலில் இறக்கு). பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிந்தால் கூகுள் கணக்கில் அது நல்ல வேகம்.

முகப்புப் படத்துக்கு மட்டும் எஸ்ஆர்சிசெட் (ஒரே படத்தைப் பல அளவில் கொடுத்துப் பிரவுசரையே தேர்ந்தெடுக்க விடுவது) போடுங்கள், 800 அகலத்தில் ஒன்று, 1600இல் ஒன்று. படம் திரையில் எவ்வளவு அகலம் என்று சொல்லும் சைஸஸ் எழுத மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் படம் திரை முழு அகலம் என்றே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். முகப்புக்கு அது சரி. வரிசைப் படத்துக்கு என்றைக்காவது எஸ்ஆர்சிசெட் போட்டால் சைஸஸில் ‘900க்கு மேல் 260 பிக்ஸல், இல்லாவிட்டால் 45விடபிள்யூ’ (திரை அகலத்தில் 45%) என்று எழுத வேண்டும். இல்லையென்றால் சின்னக் கட்டத்துக்குப் பெரிய கோப்பு இறங்கும், முதல் நாள் நோய் திரும்பி வரும்.

சிக்கப்பேட்டை, ஜூலை 22, இரவு 11.05

ஏற்றிவிட்டேன். திறந்ததும் இறங்குவது 700 கேபிக்கும் கீழே. உருட்டி முடித்தால் மொத்தம் 3.6 எம்பி. அம்மாவின் பழைய போனில் திக்காமல் ஓடுகிறது. ஆனால் என் கணினியில் தெரிந்த ஐந்து படம் சர்வரில் உடைந்த படமாக நிற்கிறது. கோப்பு அங்கே இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

அல்சூர், ஜூலை 22, இரவு 11.15

கேமராவிலிருந்து வந்த பெயரா? பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் விரிவு பெரிய ஆங்கில எழுத்தில் இருக்கும், நீங்கள் ஹெச்டிஎம்எல்லில் சின்ன எழுத்தில் அடித்திருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. எல்லாப் பெயரையும் சின்ன ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளி வேண்டாம். தேடுகிறவருக்கும் உதவட்டும், கேமரா எண்ணுக்குப் பதில் நிறமும் ஊரும் பெயரில் இருக்கட்டும்.

சிக்கப்பேட்டை, ஜூலை 22, இரவு 11.50

அதேதான். ஐந்தும் வந்துவிட்டது. ஆல்ட் எழுத்து (படம் தெரியாதவருக்குப் படத்தைச் சொல்லும் வரி) இன்னும் 42க்கும் போடவில்லை.

ஸ்ரீராம்புரம், ஜூலை 23, காலை 7.20

ஆல்ட்டில் ‘புடவை 17’ என்று போடாதீர்கள். ‘அரக்கு உடல், பச்சைக் கரை, ஜரிகை யாளி வரிசை, முந்தானையில் மயில்’ என்று கடையில் விரித்துக் காட்டும்போது வாயால் சொல்வதையே எழுதுங்கள்.